குளியலறைத் தரை டைல் பெயர்கிறது: மேலே பூசினால் போதுமா, உடைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த பகுதியில் 2010ஆம் ஆண்டு கட்டியது. முதல் மாடிக் குளியலறை எட்டடிக்கு ஐந்தடி. ஷவர் இருக்கும் மூலையில் ஐந்தாறு டைல்களைத் தட்டினால் கொடகொடவென்று ஒலிக்கின்றன. அவற்றுள் ஒன்றின்மேல் காலை அழுத்தி வைத்தால் இடுக்கு வழியே கலங்கிய நீர் மேலே வருகிறது. கீழே சாப்பாட்டு அறையின் சீலிங்கில் ஈரத்திட்டு படர்ந்து பெயின்ட் உரிகிறது. இடுக்குகளில் கெமிக்கல் கலந்த வெள்ளை சிமென்ட் நிரப்பினால் போதும் என்கிறார் ஒரு கொத்தனார். இருக்கும் டைல் மீதே புது டைல் ஒட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். முழுவதையும் உடைக்க வேண்டும் என்கிறார் மூன்றாமவர். எனக்குக் கைவேலை ஓரளவு பழக்கம் உண்டு. ஷவர் பகுதியை மட்டும் நானே உடைத்துச் சரிசெய்துகொள்ள முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளில் முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். காலை வைத்தால் நீர் மேலே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, டைலுக்கும் அதன் அடியிலுள்ள கலவைக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போய், அந்த இடைவெளியில் நீர் தேங்கிக் கிடக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. அசைகின்ற டைலின் இடுக்கில் எவ்வளவு விலை உயர்ந்த பொருளை நிரப்பினாலும், கால் படும்போதெல்லாம் அது விரிந்து சுருங்கி, சில வாரங்களில் மயிரிழை விரிசல் விட்டுவிடும். டைல் மீது டைல் ஒட்டும் முறை தன்னளவில் தவறானதன்று. அடித்தளம் உறுதியாகவும் உலர்ந்தும் இருக்கும் வீடுகளில், பழைய டைலின் வழவழப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு அப்படிச் செய்வதுண்டு. உங்கள் வீட்டில் அடித்தளமே பெயர்ந்திருக்கும்போது அப்படிச் செய்தால், உள்ளிருக்கும் நீரை உள்ளேயே வைத்து மூடியதாகிவிடும். தரையும் முக்கால் அங்குலம் வரை உயர்ந்து, படுக்கையறைப் பக்கம் நீர் வழிய வாய்ப்பு உண்டாகும்.

இங்கே பெரும்பாலோர் மனத்தில் ஊன்றியிருக்கும் ஓர் எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். நீரைத் தடுப்பது டைல் அன்று. டைல் இடுக்கில் நிரப்பிய பொருளும் அன்று. டைல் தேய்மானத்தைத் தாங்கவும், கழுவ எளிதாகவும் இருக்கிற மேற்பரப்பு, அவ்வளவே. சிமென்ட் சேர்ந்த ஜாயிண்ட் ஃபில்லர் நுண்துளைகள் கொண்டது. புதிதாக இருக்கும்போதே சிறிதளவு நீரை உள்ளே விடத்தான் செய்யும். அந்த நீரை அடியிலிருக்கும் வாட்டர்புரூஃபிங் படலம் தடுத்து, தரையில் நீர் வடியும் வாயான நஹானி டிராப்பை நோக்கித் திருப்ப வேண்டும். அந்தப் படலம் இல்லாத குளியலறையில், அல்லது பெயருக்கு ஒரு கோட் அடித்துவிட்டு மறுநாளே மண் கொட்டி மூடிய குளியலறையில், மேலே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

உங்கள் தரை பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்நிலைக்கு வந்ததற்கான காரணங்களை, நேரில் காணாமலேயே ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்தக் காலத்தில் கட்டிய மாடி வீடுகளில், கழிவுக் குழாய்களை மறைப்பதற்காகக் குளியலறைப் பகுதியின் கான்கிரீட்டை மற்ற அறைகளைவிட முக்கால் அடி, ஒரு அடி தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தை உடைந்த செங்கல், பூச்சுக் கழிவு, மண் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்புவது வழக்கமாக இருந்தது. சங்கன் ஸ்லாப் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். நிரப்பிய பொருள் நாளடைவில் அமிழும், மேலிருக்கும் கலவை தொங்கும், டைல் பெயரும். டைலின் முதுகு முழுவதும் கலவை படாமல், நான்கு மூலையிலும் நடுவிலுமாக உருண்டை வைத்து அழுத்தியிருந்தால், இடையிலுள்ள வெற்றிடங்கள் எல்லாம் நீர் தங்கும் அறைகளாகிவிடும். விட்ரிஃபைட் டைலாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதால், சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டும் பழைய முறையில் அதற்குப் பிடிப்பே கிடைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிட். மாதத்துக்கு ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்த்தால்தான் குளியலறை சுத்தமாகும் என்ற பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. போர் தண்ணீரின் உப்புப் படிவு கரைந்து டைல் பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் அந்த உப்பைக் கரைக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம், டைல் இடுக்கிலிருக்கும் சிமென்டையும் கரைக்கிறது. டைலின் மெருகு பாதிக்கப்படாததால் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடுக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பள்ளமாகி, கடைசியில் ஊசியை நுழைத்தால் கலவை வரை போகும் அளவுக்கு வெறுமையாகிவிடுகிறது.

இனி, சுத்தியலை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது. கீழ்த் தளத்துக்கு வரும் நீர் தரை வழியாக மட்டுமே வருகிறது என்று இப்போதைக்கு நாம் ஊகிக்கிறோம். அதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சுவருக்குள் போகும் நல்ல தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாயின் இணைப்பு, தரை ஆகிய மூன்றில் எது கசிந்தாலும் கீழே தெரியும் திட்டு ஒன்றுபோலவே இருக்கும். தரையை அழகாகப் புதுப்பித்த பிறகு குழாய்தான் கசிந்தது என்று தெரியவந்தால், அந்தச் செலவும் உழைப்பும் வீண்.

சீலிங்கில் ஈரத்திட்டின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். பிறகு அந்தக் குளியலறையை நான்கைந்து நாள்கள் முழுவதுமாகப் பூட்டி வையுங்கள்; வேறு குளியலறை இருந்தால் இது இயலும். ஒருவரும் குளிக்காதபோதும் திட்டு கோட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயின்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். பிளம்பரை அழைத்து, குழாய் முனைகளை அடைத்து, கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் ஒரு மணி நேரமாவது இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சங்கன் பள்ளத்தில் ஏற்கெனவே தேங்கிய நீர், குளிப்பதை நிறுத்திய பிறகும் பல நாள்கள் வடியும். ஆகவே திட்டு உடனே காயவில்லை என்பதால் மட்டும் குழாயைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

குழாய் தேறிவிட்டால், டிராப்பின் மூடியை எடுத்துவிட்டு, தரை நனையாதபடி ஒரு டியூபை உள்ளே விட்டு, நேராகக் கழிவுக் குழாய்க்குள் நாலைந்து வாளி நீரை விடுங்கள். கீழே மாற்றம் இருந்தால் கழிவுக் குழாயின் இணைப்பில் ஓட்டை. மாற்றம் இல்லையென்றால் ஓரிரு நாள் கழித்து, டிராப்பை ரப்பர் அடைப்பானால் மூடி, உணவுக்குப் பயன்படும் சிவப்புச் சாயத்தைக் கரைத்து, ஷவர் பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்திப் பாருங்கள். மட்டம் இறங்குகிறதா என்பதைச் சுவர் டைலில் பென்சில் கோடிட்டுக் கவனிக்கலாம். உங்கள் வீட்டில் இது இறங்கும் என்றே நினைக்கிறேன்.

ஷவர் பகுதியை மட்டும் உடைத்தால் போதாதா என்பதே உங்கள் முக்கியமான கேள்வி. உங்கள் குளியலறை தரைத்தளத்தில் இருந்திருந்தால், அல்லது கீழே ஈரமே இல்லாமல் இரண்டு டைல் மட்டும் பெயர்ந்திருந்தால், தாராளமாகச் செய்யலாம் என்று எழுதியிருப்பேன். உங்கள் நிலையில் வேண்டாம் என்பதே என் கருத்து. சங்கன் பள்ளம் குளியலறை முழுவதற்கும் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியின் பாதியை மட்டும் பூசினால் ஒழுக்கு நிற்காது அல்லவா? வாஷ்பேசின் பக்கம் இறங்கும் நீரும் அதே பள்ளத்துக்குத்தான் போகிறது. புதிதாக அடிக்கும் வாட்டர்புரூஃபிங் படலத்துக்கு நான்கு பக்கமும் மேலேறி நிற்க ஒரு சுவர் வேண்டும். பாதித் தரையில் நிறுத்தினால், பழைய தரையைச் சேரும் அந்த விளிம்பின் அடியாகவே நீர் புகுந்துவிடும். ஆகவே தரை முழுவதையும், சுவரில் கீழிருந்து ஓர் அடி உயரத்துக்கு உள்ள டைலையும் எடுத்துவிடுங்கள். மேலே உள்ள சுவர் டைல்களைத் தட்டிப் பாருங்கள். ஷவருக்கு நேர் எதிரே உள்ள சுவரும் வெற்றொலி தந்தால், அங்கே மட்டும் ஆறடி உயரம் வரை எடுப்பது நல்லது.

இதில் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உடைப்பது, சுத்தம் செய்வது, வாட்டர்புரூஃபிங் அடிப்பது, நீர் நிறுத்திச் சோதிப்பது, கடைசியில் இடுக்கு நிரப்புவது ஆகிய வேலைகளுக்குப் பொறுமைதான் வேண்டும். கூலிக்கு வருபவரிடம் பெரும்பாலும் இல்லாததும் அதுவே. வாட்டம் (நீர் வடிவதற்கான சரிவு) பிடித்துக் கலவை போடுவதையும், டிராப்பும் குழாயும் மாற்றுவதையும் கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் விடுங்கள். கைப்பழக்கம் இல்லாமல் வாட்டம் சரியாக அமைவது கடினம். அதில் தவறினால் மீண்டும் உடைக்க வேண்டியிருக்கும்.

உடைக்கும் முன் கீசரின் மின்னிணைப்பையும் அந்தக் குளியலறைக்கான வால்வையும் மூடுங்கள். கான்கிரீட் உடைக்கும் பெரிய பிரேக்கர் இயந்திரம் வேண்டாம். அதன் அதிர்வில் ஸ்லாபும், பள்ளத்துக்குள் கிடக்கும் பிவிசி குழாயும் விரிசல் காணலாம். சுத்தியலும் உளியும், மிஞ்சினால் கையடக்கச் சிப்பிங் மெஷினும் போதும். சிமென்ட், டைல் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலுக்குக் கேடு என்பதால் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். எட்டுக்கு ஐந்தடிப் பள்ளம் முக்கால் அடி ஆழம் என்றால் உள்ளிருக்கும் ஈர இடிபாடு ஒன்றரை டன் வரை இருக்கும். அதை வாரிப் பக்கத்துப் படுக்கையறையில் குவித்து வைத்துவிடாதீர்கள். குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகிறது. எடுக்க எடுக்கச் சாக்கில் கட்டி அன்றன்றே கீழே இறக்குங்கள்.

பள்ளம் காலியானதும் கான்கிரீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் மின்விசிறி ஓடவிட்டுக் காய விடுங்கள். அப்போதுதான் விரிசலும் பொத்தலும் கண்ணில் படும். கம்பி துருவேறி வெளியே தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். மேலோட்டமான துரு என்றால், தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடிவிடலாம். கம்பியின் பருமனே குறைந்திருந்தால், அல்லது கீழிருந்து பார்க்கும்போது சீலிங்கின் பூச்சோடு கான்கிரீட்டும் துண்டாக விழத் தொடங்கியிருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் மேலே செல்லக் கூடாது.

என் அனுபவத்தில், சங்கன் பள்ளத்தின் ஒழுக்குகள் பெரும்பாலும் தொடங்கும் இடம் கழிவுக் குழாய் ஸ்லாபையோ சுவரையோ துளைத்து வெளியேறும் அந்த வட்டம்தான். பிவிசி வழவழப்பானது, சிமென்ட் அதைப் பற்றுவதில்லை. சுடுநீர் போகப்போகக் குழாய் விரிந்து சுருங்குவதால், சுற்றியுள்ள கலவைக்கும் குழாய்க்கும் இடையே நகக்கண் அளவுக்கு ஒரு வளைய இடைவெளி உண்டாகிவிடும். குழாயைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டுங்கள். குழாயின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு சுருங்காத கிரவுட்டை (இடைவெளி நிரப்பும் கலவையை) அதில் நெருக்கி நிரப்பி, காய்ந்ததும் மேல் விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட் இட்டு வழித்துவிடுங்கள். இந்த ஓர் இடத்துக்கு அரை நாள் செலவிட்டாலும் தகும்.

அடுத்து, தரையும் சுவரும் சேரும் உள்மூலை நெடுக, கலவையால் இரண்டு அங்குல அளவில் சரிவாக அணை கட்டச் சொல்லுங்கள். கூரிய மூலையில் பூச்சு மெலிந்து அறுந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். அதன்பின் பவுடரும் திரவமுமாக இரண்டு பாகங்களில் விற்கும் பாலிமர் சிமென்ட் வாட்டர்புரூஃபிங்கை வாங்கி, பையில் எழுதியிருக்கும் விகிதத்தில் கட்டியில்லாமல் கலக்குங்கள். நீர் கூட்டி இளக்க வேண்டாம். ஈரப்பதம் இருந்து, ஆனால் நீர் நிற்காத தரையில், முதல் கோட்டைக் கிழக்கு மேற்காக அடித்தால் இரண்டாவதை வடக்கு தெற்காக அடியுங்கள். மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதித்துவிடுங்கள். தரையோடு நிறுத்தாமல், உடைத்த ஓர் அடிச் சுவர் முழுவதும், வாசற்படிக் கல்லின் உட்பக்கமும் பூச்சு ஏற வேண்டும். வாசற்படியை விட்டுவிட்டதால் படுக்கையறைச் சுவர் அடியில் உப்புப் பூத்த வீடுகளைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பூச்சு முற்றக் காய்ந்தபின், பொதுவாக மூன்று நான்கு நாள் கழித்து, குழாயை அடைத்து இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். இந்தச் சோதனையை யார் சொன்னாலும் சுருக்காதீர்கள். காலையில் நீர் கட்டி மாலையில் வடித்துவிட்டு, தேறிவிட்டது என்று சொல்வது சோதனையே ஆகாது. மெல்லிய கசிவு கான்கிரீட்டைக் கடந்து கீழே தெரிவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். கீழே புது ஈரம் தெரிந்தால் மகிழுங்கள், டைல் போடும் முன்பே தெரிந்துவிட்டது. காயவிட்டு, அந்த இடத்தை மீண்டும் அடித்து, மீண்டும் நீர் கட்டுங்கள்.

பள்ளத்தை நிரப்ப பழைய இடிபாட்டைத் திரும்பக் கொட்ட விடாதீர்கள். காற்றுத் துளைகள் கொண்ட, எடை குறைந்த ஏஏசி கான்கிரீட் பிளாக் துண்டுகளையோ, கழுவிய செங்கல் ஜல்லியையோ, சிமென்ட் கலவையோடு சேர்த்து அடுக்கி அமுக்கினால் பின்னால் அமிழாது. பள்ளத்தின் அடிமட்டத்தில், வெளிச்சுவரைத் துளைத்துச் சிறு பிவிசி குழாய் ஒன்று வைத்துக்கொள்வதும் நல்லது. என்றைக்காவது உள்ளே நீர் சேர்ந்தால், சாப்பாட்டு அறைச் சீலிங் நனையும் முன் அது வெளிச்சுவரில் சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

நிரப்பியதன் மேல் சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற விகிதக் கலவையில் வாட்டம் அமைய வேண்டும். 60க்கு 1 என்ற வாட்டம் போதுமானது. நான்கடிக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்கம். கொத்தனார் கண்மட்டத்தில் போடாமல், ரசமட்டம் வைத்து, நான்கு மூலையிலிருந்தும் டிராப் வரை நூல் பிடித்துப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கலவை ஒரு வாரம் நனைந்து இறுகிய பிறகு, அதன் மேலும் அதே வாட்டர்புரூஃபிங்கை இரண்டு கோட் அடித்து, டிராப்பின் கழுத்துக்குள் அரை அங்குலம் இறங்கும்படி முடியுங்கள். கீழ்ப் படலம் ஸ்லாபைக் காக்கிறது. இந்த மேல்படலம் பள்ளத்துக்குள் நீர் போகாமலே காக்கிறது. ஒன்று போதாதா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும்.

தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள, வழுக்காத மேட் டைலே போதும். இரண்டுக்கு இரண்டு அடி டைலைச் சிறிய குளியலறையில் போட்டால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காமல் மூலை தூக்கி நிற்கும். ஒட்டுவதற்கு ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தரக் குறியீடு உள்ள டைல் அட்ஹெசிவை (ஒட்டுப் பசையை), இரண்டாம் வகை அல்லது அதற்கு மேற்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். பல் கரணையால் தரையில் சீவி, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி ஒட்ட வேண்டும். ஒட்டிய முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுவதும் பசை பற்றியிருந்தால் அதே முறையில் தொடரலாம். இடுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, மறுநாள் எபாக்சி கிரவுட் நிரப்புங்கள். அது விரைவில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்து, டைல் மேல் படிந்ததை அப்போதைக்கப்போதே ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். காய்ந்த பின் எடுப்பது மிகக் கடினம். தரையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் கிரவுட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் சீலன்ட் இடுங்கள். அங்கே இரு பரப்புகளும் வெவ்வேறாக அசையும். இறுகிய பொருள் அந்த அசைவில் பிளந்துவிடும்.

கலவையும் பூச்சும் காயும் நாள்களைச் சேர்த்தால், இந்த வேலை மூன்று வாரத்துக்குக் குறையாது. ஐந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவர், காய வேண்டிய நாள்களைத்தான் குறைக்கிறார். செலவைக் குறைக்க வேண்டுமானால் டைலின் விலையில் குறையுங்கள்; வாட்டர்புரூஃபிங்கிலும் அட்ஹெசிவிலும் குறைக்க வேண்டாம்.

வேலை முடிந்த பின் ஆசிட் பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள். எபாக்சி கிரவுட் ஓரளவு தாங்கினாலும், டிராப்பைச் சுற்றியுள்ள சிமென்டும் உலோக மூடியும் தாங்கா. மென்மையான சோப்புத் திரவமும் பிரஷும் போதும். குளித்து முடித்ததும் வைப்பரால் நீரைத் தள்ளிவிட்டால் உப்புப் படிவதும் பெருமளவு குறையும்.

சாப்பாட்டு அறைச் சீலிங்கை அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் வடிய இரண்டு மாதமாவது ஆகலாம். உரிந்த பெயின்டையும் உப்புப் பூத்த பட்டியையும் இப்போதே சுரண்டி எடுத்து, வெற்றுப் பரப்பாக விட்டுவையுங்கள். ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வைத்து, உட்பக்கத்தில் நீர்த்துளி அரும்பாமல் இருந்தால் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடியுங்கள். சுரண்டும்போது கம்பி தென்பட்டாலோ, பூச்சுக்கு மேலேயுள்ள கான்கிரீட் கையோடு வந்தாலோ, அந்த இடத்தின் படத்தையும் ஸ்லாபின் தடிமனையும் குறித்து எழுதுங்கள். அதற்கான பழுதுமுறை வேறு, தனியே எழுதுகிறேன்.